முழங்கால்களுக்கு நடுவே பாதரசம்

முதல் நாள் அவர் எங்களில் யாருடைய பெயரையும் கேட்கவில்லை. படுக்கச் சொன்னார்.

ஈப்போவில் டயர் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு சந்தின் பின்கட்டு அது. சிமெண்டுத் தரை, தகரக் கூரை. காலை ஒன்பது மணிக்கே உள்ளே அடுப்புக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். எட்டுப் பெண்கள் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிக்கொண்டு, விட்டத்தில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்து முதலாமவள் பக்கத்தில் குந்தினார். நாற்பத்தைந்து வயதிருக்கும் பெண். கட்டையான உடம்பு, கறுத்த கெண்டைக்கால், கழுத்தில் ஒரு துண்டு. பெட்டியைத் திறந்தால் உள்ளே பாதரசக் குழாய். கிளினிக்கில் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து ரத்த அழுத்தம் பார்ப்பார்களே, அந்தப் பழைய கருவி. பட்டையை நாலாக மடித்து அவள் முழங்கால்களுக்கு நடுவே வைத்தார்.

"அமுக்கு."

அவள் அமுக்கினாள். பாதரசம் ஏறியது, நடுங்கியது, நின்றது.

"விடு."

எழுந்து போய்ச் சுவரில் சுண்ணக்கட்டியால் ஓர் எண்ணை எழுதினார். பெயர் அதற்குப் பிறகுதான் கேட்டார், எண்ணுக்குப் பக்கத்தில் எழுத.

நாங்கள் ஐஸ் ஹாக்கி ஆடுகிறவர்கள். சொன்னால் இப்போதும் சிரிக்கிறார்கள். ஈப்போவில் ஐஸ் என்றால் கச்சாங் என்ற இனிப்புக் கிண்ணத்தில் இருப்பதுதான். கார் நிறுத்துமிடத்தில் சக்கரக் காலணியோடு ஆடத் தொடங்கி, கோலாலம்பூரில் ஒரு பேரங்காடிக்குள் பனித்தளம் இருக்கிறது என்று தெரிந்ததும் ஞாயிறுதோறும் ஒரு வேனில் ஏறிப் போனவர்கள். போய் ஆடி, வாரம் ஒருத்தியாகக் கவட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தவர்கள். பனியில் ஒவ்வோர் உந்தலுக்கும் கால் பக்கவாட்டில் விரிந்து போகிறது. போன காலை மறுபடி இழுத்துக்கொண்டு வருவது உள்தொடை. அதில் வலு இல்லையென்றால் ஒருநாள் கவட்டருகே கிழியும். இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தந்தவர் வாழ்நாளில் பனியில் கால் வைத்ததில்லை.

"எனக்கு ஐஸ் தெரியாது," என்றார் முதல் நாளே. "தொடை தெரியும்."

கோச்சக்கா என்று கூப்பிட்டோம். கோல் காக்கும் சீனப்பெண் மெய் லிங்கூட அப்படித்தான் கூப்பிட்டாள். அது அவருடைய பெயரென்றே கொஞ்ச காலம் நினைத்திருந்தாள்.

கோச்சக்காவைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்வேன்: வாய் சொல்வதை அவர் எழுதமாட்டார். நன்றாகத் தூங்கினேன் என்றால் தலையாட்டிவிட்டு மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார். சாப்பிட்டுவிட்டேன் என்றால் எடைக்கருவியைக் காலால் எங்கள் பக்கம் தள்ளிவிடுவார். முடியவில்லை, சூசா என்று ஒருத்தி தரையில் உட்கார்ந்தால், பக்கத்தில் உட்கார்ந்து, அதே மணிக்கட்டு, அதே இரண்டு விரல். "நீ சூசான்னு சொல்ற. ஒன் நாடி சொல்லல. எந்திரி." கோபமே இருக்காது அந்தக் குரலில். மழை வருகிறதா என்று ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துச் சொல்கிறவர் குரல் அது. ஒருமுறை எங்களுக்குக் கோழிக்கறி சமைத்து எடுத்து வந்தார். சூப்பர்க்கா, செமக்கா என்று எட்டுப் பேரும் பாராட்டினோம். காதில் வாங்கவே இல்லை. எல்லோரும் கை கழுவிய பிறகு பாத்திரத்தைத் தூக்கி, எவ்வளவு மிச்சம் என்று கையால் எடை பார்த்தார். பிறகுதான் சிரித்தார்.

அவர் எங்களுக்குப் பனி செய்து தந்த விதத்தைச் சொல்ல வேண்டும். மூடிவிட்ட ஒரு காப்பிக் கடையிலிருந்து வழவழப்பான மேசைப் பலகைகளைக் கொண்டுவந்து தரையில் பதித்தார். இரண்டு முனையிலும் கட்டை அடித்தார். மேலே முகப்பவுடர் தூவினார். கம்பளிக் காலுறை மாட்டிக்கொண்டு இந்தக் கட்டையை உதைத்து அந்தக் கட்டைக்குச் சறுக்க வேண்டும், அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே. ஈப்போ வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, கம்பளிக் காலுறை! பவுடர் வாசனையும் வேர்வை வாசனையும் சேர்ந்து அந்தக் கொட்டகையே குழந்தை பெற்ற வீடு மாதிரி இருக்கும். எனக்கு இப்போதும் எங்காவது பவுடர் மணந்தால் தொடை இறுகுகிறது.

சனிக்கிழமைகளில் கோப்பெங் பக்கம் ஒரு மேட்டுக்குக் கூட்டிப் போவார். அவர் பிறந்த தோட்டம். அப்போது ரப்பர், இப்போது செம்பனை. இடுப்பில் கயிற்றைக் கட்டி, கயிற்றின் மறுமுனையில் லாரி டயரைக் கட்டி, செம்மண் சாலையில் மேலே இழுக்க வேண்டும். மேட்டின் உச்சியில் ஒரு பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்து நேரம் பார்ப்பார். எப்போதும் முதலில் வந்து சேர்கிறவள் சுகந்தி. ஆயர் தாவார் ஊர்க்காரி. கையுறை ஆலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து இழுப்பாள். எங்களில் சின்னவள், இருபத்தாறு வயது. என்னை அக்கா என்பாள். வேனில் என் தோளில் தலை சாய்த்து வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள்.

"ஒன் தொடைய ரெண்டா வெட்டி ஒன்ன எனக்குக் குடுடி," என்பேன்.

"ஒங்களுக்கு எதுக்குக்கா, நீங்க பெஞ்சில ஒக்காரத்தானே போறீங்க?" என்பாள்.

உண்மைதான். எனக்கு அப்போது முப்பத்தேழு. பெரும்பாலும் மாற்று ஆள்.

ஒரு சனிக்கிழமை, மற்றவர்கள் கீழே டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நான் முட்டி வீங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வீக்கத்தை நூலால் அளந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார விட்டார். அந்தப் பெட்டி எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அப்பாவுடையது என்றார். அவர் அப்பா அந்தத் தோட்டத்தில் டிரெஸ்ஸர், மருந்து கொடுக்கிறவர். தெர்மாமீட்டர் காய்ச்சல் காட்டினால்தான் லீவுச் சீட்டு எழுதித் தருவாராம். காட்டாவிட்டால், என்ன அழுதாலும், வேலைக்காட்டுக்குப் போ.

வயிற்று வலி என்று வந்தால் என்ன செய்வார் என்றேன்.

ஒருத்தி அப்படித்தான் வந்தாள் என்றார் கோச்சக்கா. அவருக்கு அப்போது பத்து வயது, மருந்து மேசைக்குக் கீழே விளையாடிக்கொண்டிருந்தாராம். தெர்மாமீட்டர் ஒன்றும் காட்டவில்லை. அவள் போனாள். மரத்தடியிலேயே விழுந்துவிட்டாள், லாரியில் ஏற்றும்போதே உயிர் இல்லை.

அவர் வாழ்க்கையின் ஊற்றுக்கண்ணைத் தொட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியென்றால் உங்கள் அப்பா செய்தது தப்புதானே என்றேன். எனக்கு அப்போதெல்லாம் இப்படி முடிச்சுப் போட்டுவிடும் அவசரம் இருந்தது.

"தப்பு இல்ல. கருவி போதல," என்றார். "ஒரு தெர்மாமீட்டர வெச்சிக்கிட்டு அவரு என்னா பண்ணுவாரு? இன்னும் நாலு கருவி இருந்திருந்தா அவள புடிச்சிருக்கலாம்லா."

சுகந்தி மேலே வந்து சேர்ந்தாள். அவர் நேரத்தைப் பார்த்தார்.

அன்றைக்குப் புரியாதது இப்போது கொஞ்சம் புரிகிறது. அந்தச் சுவர், அந்தப் பெட்டி, அந்த நூல், அந்த இரண்டு விரல் எல்லாமே மரத்தடியில் விழுந்த ஒருத்தியைப் பிடிப்பதற்காக நீட்டிய கைகள். அவர் எங்களை நம்பவில்லை என்று நாங்கள் கேலி பேசினோம். அவர் எங்களைத் தவறவிட மறுத்தார். ஆனால் எப்போதும் அளக்கப்படுகிறவர்களுக்கு ஒன்று நேர்ந்துவிடுகிறது. தம் உடம்பு சொல்வதைக் கேட்கும் பழக்கம் விட்டுப்போய்விடுகிறது. வலிக்கிறதா என்று தெரிய நாங்களே சுவரைப் பார்க்க ஆரம்பித்திருந்தோம்.

கோலாலம்பூருக்கு ஒரே ஒருமுறை எங்களோடு வந்தார். செருப்பும் தடித்த ஸ்வெட்டருமாகக் கண்ணாடிக்கு வெளியே நின்றார். ஆட்டம் முடிந்ததும் தளத்தின் கதவருகே குனிந்து, பனியில் உள்ளங்கையை வைத்து, எடுக்காமல் வைத்திருந்தார். கை சிவந்த பிறகு எடுத்து, அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பது மாதிரிப் பார்த்தார். வேனில் திரும்பும்போது தஞ்சோங் மாலிம் தாண்டித்தான் கேட்டார்: "யாரு ஜெயிச்சா?"

அந்த ஆண்டு அதே தளத்தில் பெண்கள் அணிகளுக்கு ஒரு போட்டி அறிவித்தார்கள். எட்டுப் பேருக்குக் குறைந்தால் அணியைச் சேர்க்கமாட்டார்கள். நாங்கள் சரியாக எட்டு. கோச்சக்காவிடம் வேறொரு விதி இருந்தது. போட்டிக்கு முந்தின வாரச் சோதனையில் பாதரசம் நூற்றெண்பதைத் தொடாதவர் பனியில் இறங்கக்கூடாது. மெய் லிங்கோ நானோ யாராக இருந்தாலும் அதே விதி. இரண்டு விதிகளுக்கும் நடுவே நாங்கள் எட்டுப் பேரும் கயிற்றில் நடந்தோம்.

சோதனை நாளன்று அவருடைய அப்பாவுக்கு மூச்சு முட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. பெட்டியை என்னிடம் கொடுத்தார். நான் ஒரு சுண்ணாம்புக்கல் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவள், நாள் முழுக்க எடைகளையும் அளவுகளையும் படித்து எழுதுகிறவள். "நீ படிச்சா நான் படிச்ச மாதிரி," என்றார். வாய் சொல்வதை எழுதாதவர் என் கண்ணை நம்பினார். வாழ்க்கையில் அதைவிடப் பெரிய மரியாதையை யாரும் எனக்குச் செய்ததில்லை.

என்னுடையதையும் சேர்த்து ஏழு பேருடையதும் தேறியது. கடைசியாகச் சுகந்தி படுத்தாள். இரண்டு நாளாக இடது கவட்டில் ஏதோ குத்துகிறது, படி ஏறும்போது வலிக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். பட்டையை வைத்தேன். அமுக்கு என்றேன். அவள் முகம் சுருங்கியது. பாதரசம் நூற்று நாற்பது வரை போயிற்று. அங்கே நின்றது. மறுபடி அமுக்கச் சொன்னேன். மறுபடி நூற்று நாற்பது.

"எவ்வளவுக்கா?" என்றாள். மல்லாந்து படுத்திருப்பவளுக்குக் குழாய் தெரியாது.

அந்தக் கணத்தை எத்தனை முறை எழுதிப் பார்த்துவிட்டேன்! கவிதையாக, கதையாக, யாருக்கோ நேர்ந்ததாக. எப்படி எழுதினாலும் அதில் நான் கொஞ்சம் நல்லவளாகிவிடுகிறேன். ஆகவே இங்கே நடந்ததை மட்டும் சொல்கிறேன். மற்ற ஆறு பேர் என்னைப் பார்த்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர்கள் வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பெஞ்சில் உட்காருகிறவள், இந்தப் போட்டி போனால் எனக்கு இன்னொன்று வராது, அவ்வளவுதான்.

"நூத்தி எம்பத்தி ரெண்டு," என்றேன்.

சுகந்தி கண்ணை அகல விரித்தாள். பிறகு சிரித்தாள். "அப்ப சும்மா வலிதான் போலக்கா. நான்தான் பயந்துட்டேன்."

எழுந்தாள். இரண்டு முறை குதித்துப் பார்த்தாள். எண்ணை நம்பிய உடம்பு வலியை மறந்துவிட்டதை என் கண்ணால் பார்த்தேன். சுவரில் 182 என்று எழுதினேன். என் கையெழுத்து கொஞ்சம் இடது பக்கம் சாயும்.

முதல் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர்த் தட்டை விரட்டிக்கொண்டு போனவள் சட்டென்று திரும்பினாள். இடது கால் திரும்பவில்லை. சத்தம் கேட்டது என்று மெய் லிங் பிற்பாடு சொன்னாள், ஈரத்துணி கிழிகிற மாதிரி. சுகந்தி பனியில் ஒருக்களித்துக் கிடந்து, முழங்கால்களை ஒன்றோடொன்று சேர்க்கப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நடுவில் அந்தப் பட்டை இருப்பது போல.

அறுவை நடந்தது. ஆலையில் நிற்க முடியாமல் வேலை போயிற்று. பிறகு கல்யாணமாகிப் பாரிட் புந்தார் போய்விட்டாள். பார்க்கப் போகும்போதெல்லாம் அந்தப் பெட்டியைத்தான் திட்டுவாள். "பாழாப்போன கருவிக்கா, பொய் சொல்லிடுச்சி." நான் தலையாட்டுவேன். கோச்சக்கா யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வாரம் நாங்கள் போனபோது கொட்டகை பூட்டியிருந்தது. பூட்டின்மேல் ஒரு தாள்: ஹாக்கி இனி இல்லை. பக்கத்து டயர் கடைக்காரர் சொன்னார், உள்ளே தனியாக உட்கார்ந்து அந்தப் பெட்டியை மடியில் வைத்துக் காற்றடித்து இறக்கி, அடித்து இறக்கி, நேத்து வரைக்கும் நாள் முழுக்க அதையே பண்ணிச்சி அந்த அம்மா என்று.

பன்னிரண்டு வருடம். நான் பெயிண்ட் டின்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஊரை விட்டுப் போகவில்லை, ஆனால் அந்தச் சந்தைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போனேன். கவிதைகள் எழுதினேன். நிறைய. ஒன்றிலும் பாதரசம் என்ற சொல் வராது.

போன மாதம் பாரிட் புந்தாரில் சுகந்தி வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அவளுடைய நாலு வயது மகள் பந்தைத் துரத்திக்கொண்டு சாலைக்கு ஓடினாள். சுகந்தியும் ஓடினாள். அதாவது ஓடப் பார்த்தாள். வலது கால் முன்னே போயிற்று, இடது கால் பின்னாலேயே இழுபட்டு நின்றது. செம்மண் மேட்டில் டயரை இழுத்து முதலில் வந்து நின்றவள், தன் வீட்டு வாசலில் மூன்றடி போக முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்கிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. சுகந்தி எனக்குத் தேநீர் போட உள்ளே போனாள்.

மறுநாள் காலை அந்தச் சந்துக்குப் போனேன்.

கொட்டகை அப்படியே இருந்தது. இப்போது முட்டி தேய்ந்தவர்களுக்கும் வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர்களுக்கும் பயிற்சி தருகிறார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் வா என்றார், நேற்றுத்தான் போனவளை அழைப்பது மாதிரி. உடம்பு போட்டுவிட்டாயே என்றார். இல்லைக்கா என்றதும், பழைய வழக்கப்படி எடைக்கருவியைப் பார்த்தார், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார். மூன்று சுவர்களுக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தது. நாலாவது சுவர் பழையது. எட்டுப் பெயர்கள், எட்டு எண்கள். சாய்ந்த எழுத்தில் 182.

சொன்னேன். நின்றுகொண்டே, நிறுத்தாமல், எல்லாவற்றையும். நூற்று நாற்பது என்றேன். இரண்டு முறையும் நூற்று நாற்பதுதான் என்றேன். சுகந்திக்கு இன்னும் தெரியாது என்றேன்.

அவர் துண்டால் ஒரு டம்பெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்தார்.

"கருவி சரியாத்தான் இருந்துச்சி," என்றார். "அந்த வாரமே தெரியும்."

"அப்பறம் ஏங்க்கா என்னைய கேக்கல?"

"கேட்டா வாயாலதானே சொல்லுவ?"

உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். மூலைகள் தேய்ந்து மரம் வெளிறியிருந்தது. தரையைக் கண்ணால் காட்டினார். நாற்பத்தொன்பது வயதில் நான் அந்தச் சிமெண்டில் மல்லாந்து படுத்தேன். முழங்கால்களை மடக்கினேன். இரண்டும் சடசடத்தன. பட்டையை நாலாக மடித்து நடுவே வைத்தார். அவர் விரல்கள் குளிர்ந்திருந்தன. பெட்டியை என் தலைப்பக்கம் வைக்காமல், நான் பார்க்கும்படி பக்கத்தில் வைத்தார்.

"அமுக்கு."

அமுக்கினேன். பாதரசம் ஏறியது. பன்னிரண்டு வருடமாக எந்தப் பயிற்சியும் செய்யாத, நாற்காலியிலேயே தேய்ந்த தொடைகள். நூற்று அறுபத்து நாலில் நின்றது.

"பாத்துக்கிட்டியா?" என்றார்.

பார்த்தேன். ஊளைச்சதை போட்ட ஒரு நடுவயதுக்காரியால் முடிந்தது அன்றைக்கு அவளால் முடியவில்லை. டயர் இழுத்தவளால் முடியவில்லை. அவ்வளவு வலித்திருக்கிறது அவளுக்கு.

"நூத்தி நாப்பதுக்கு எறக்கு."

கொஞ்சம் தளர்த்தினேன். பாதரசம் இறங்கி அந்தக் கோட்டில் நின்றது.

"அங்கயே புடி."

பிடித்தேன். முதலில் ஒன்றுமே இல்லை. ஒரு தலையணையைப் பிடிப்பது மாதிரி. கொஞ்ச நேரத்தில் தொடை சூடாயிற்று. பிறகு நடுங்கத் தொடங்கியது. பாதரசமும் நடுங்கியது. கூரையில் வெயில் ஏறித் தகரம் டப்பென்று ஓசை விட்டது. வலிக்குதுக்கா என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் குந்தி, கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடு என்று அவர் சொல்லவில்லை.